பந்திங் வட்டாரத்தில் கைட் லேண்ட்போர்டிங்கும் கைட் சர்ஃபிங்கும்: எங்கே, எப்படித் தொடங்குவது

காற்றாடியின் இழுவையைக் கொண்டு நீர்மேல் சறுக்குவது கைட் சர்ஃபிங். அதே இழுவையைக் கொண்டு, காற்றடைத்த சக்கரங்கள் பூட்டிய பலகையில் தரைமேல் ஓடுவது கைட் லேண்ட்போர்டிங். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது மார்செய் கடலில் நடந்த கைட் போட்டியில், சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் தம் 17ஆம் வயதில் வெண்கலப் பதக்கம் வென்றதிலிருந்து, நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இந்த விளையாட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பந்திங்கைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வசிப்பவர்களுக்கு இது எட்டாத விளையாட்டு என்று சொல்ல முடியாது. மோரிப் கடற்கரை மோட்டாரில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் எதை எங்கே பழகலாம், எதை எங்கே தொடவே கூடாது என்பதை நம் ஆசை முடிவு செய்வதில்லை. இடமும் காற்றும் முடிவு செய்கின்றன. முதலில் சிறு காற்றாடி, அடுத்துத் தரைப் பலகை, கடைசியாகக் கடல் என்ற வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணமும் அதுவே.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பலகையைப் பற்றியே கேட்கிறார்கள். பலகையில் நிற்பதைச் சில நாள்களில் உடம்பு பழகிக்கொள்ளும். கற்க வேண்டிய வித்தையில் பெரும்பகுதி காற்றாடியில் இருக்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் காற்றாடியின் இழுவை நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இதமாக இழுத்துக்கொண்டிருந்த காற்றாடி, மழைக்கு முன் திடீரென 40 கிலோமீட்டரில் அடிக்கும் காற்றில் ஓர் ஆளைத் தரையிலிருந்து தூக்கி எறியும். இந்தக் கணக்கு மனத்தில் பதியாமல் பெரிய காற்றாடியை வாங்குகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

இப்போது கடலில் பயன்படும் காற்றாடிகளுக்கு மூலம், பிரான்ஸின் பிரிட்டனி கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகேஞூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமைக்குப் பதிந்த வடிவம். முன்விளிம்புக் குழாயில் காற்றடித்துக்கொள்வதால் அது நீரில் விழுந்தாலும் மூழ்காது, அங்கிருந்தே மீண்டும் எழுப்ப முடியும். தரையில் பழகுவதற்கு அந்தக் குழாய் தேவையில்லை. துணியறைகளுக்குள் காற்று தானே புகுந்து வடிவம் தரும் மெத்தென்ற காற்றாடி, தரையில் மோதினாலும் எளிதில் உடையாது.

காற்றைப் படித்தல்

காற்று முன்னறிவிப்புகள் பெரும்பாலும் நாட் கணக்கில் வரும். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைகுவாச்சா செயலி இடிமழை எச்சரிக்கைகளைத் தருகிறது; அதைக் கைப்பேசியில் வைத்திருப்பது கட்டாயம். ஆனால் முன்னறிவிப்பு ஒரு வட்டாரத்துக்கானது, நீங்கள் நிற்பது ஒரு திடலில். ஆகவே கண்ணால் அளக்கவும் பழக வேண்டும். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து, கொடி விரிந்து பறந்தால் காற்று 7 முதல் 10 நாட் வரை இருக்கும். புழுதியும் கிடக்கும் காகிதமும் எழும்பி, சிறு கிளைகள் ஆடினால் 11 முதல் 16 நாட். சிறு மரங்களே முழுதாக ஆடத் தொடங்கினால் 17 நாட்டைத் தாண்டிவிட்டது. தொடக்கநிலையில் இருப்பவர் அன்றைக்குக் காற்றாடியைப் பையிலிருந்து எடுக்காமலிருப்பதே நல்லது.

வேகத்தைவிடச் சீர்மை முக்கியம். ஒரே வேகத்தில் வீசும் 14 நாட் காற்றைவிட, 6க்கும் 16க்கும் இடையே ஏறி இறங்கும் காற்று பல மடங்கு ஆபத்தானது. நம் தோட்டங்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மரங்களோ கட்டடங்களோ காற்றை மறித்தால், அவற்றுக்குப் பின்னால் அவற்றின் உயரத்தைப்போல் ஏழு முதல் பத்து மடங்கு தொலைவு வரை காற்று சுழன்றும் குழம்பியும் வீசும். வளர்ந்த செம்பனை 12 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் சுமார் 120 மீட்டர் வரை காற்றை நம்ப முடியாது. பந்து விளையாடும் திடலின் நீளமோ ஏறக்குறைய 100 மீட்டர்தான். எனவே நான்கு பக்கமும் செம்பனை சூழ்ந்த தோட்டத்துத் திடல், ஆளை இழுக்கும் அளவுக்குப் பெரிய காற்றாடிக்கு ஏற்ற இடமே அன்று. கைப்பழக்கத்துக்கான சிறு காற்றாடிக்கு மட்டும் அது போதும், அதுவும் காற்று அடிக்கும் பக்கத்து மரவரிசையிலிருந்து முடிந்தவரை விலகி நின்றால்.

மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்த வெட்டவெளியைப் பார்த்ததும், இதைவிட நல்ல இடம் உண்டா என்று சிலருக்குத் தோன்றும். அங்கே கான்கள் வெட்டியிருப்பார்கள், அடிமரங்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். காற்றாடியைப் பார்த்தபடி பின்னால் நகரும் ஒருவர் அவற்றில் விழுந்தால் கால் முறியும். நிர்வாகத்தின் அனுமதியும் கிடைக்காது, கிடைத்தாலும் போக வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, மேற்குக்கரையில் வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் பிற்பகல் காற்றே நமக்குக் கிடைக்கும் சீரான காற்று. இரவிலும் விடியற்காலையிலும் அது திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியலுக்கு முன்னும் காலையிலும் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்திராப் புயற்காற்று, சில நிமிடங்களில் எல்லாவற்றையும் புரட்டிவிடும். பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும். கருமேகம் திரண்டு சட்டென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், மழைத்துளிக்குக் காத்திராமல் உடனே காற்றாடியை இறக்கிச் சுருட்ட வேண்டும். தூரத்து இடிச் சத்தமும் அதே கட்டளைதான். உலகிலேயே மின்னல் மிகுந்த நிலங்களில் ஒன்றில் நாம் வாழ்கிறோம், நனைந்த கயிறு மின்சாரத்தைக் கடத்தும்.

சிறு காற்றாடி

முதலில் வாங்க வேண்டியது, 2 சதுர மீட்டர் அளவுள்ள, இரண்டு கயிற்றால் இயங்கும் பயிற்சிக் காற்றாடி. அதைப் பெரியவர் ஒருவர் 8 முதல் 12 நாட் காற்றில் பாதுகாப்பாகக் கையாளலாம். எடை குறைந்த சிறுவர்களுக்கு 1.5 சதுர மீட்டர் போதும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

திடலில் கயிறு விரிப்பதற்கு முன் மேலே பாருங்கள். மின்கம்பி தெரியும் திடல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது நமக்கான திடல் அன்று. பிறகு சுற்றிலும் பாருங்கள். பட்டத்தைக் கண்டால் ஓடிவந்து நூலைப் பிடிப்பது நம் பிள்ளைகளின் வழக்கம்; இந்தக் கயிறோ மிக மெல்லிய, வலுமிக்க செயற்கை நாரால் ஆனது, இழுவை ஏறிய நிலையில் தோலை வெட்டிவிடும். காற்று போகும் திசையில், கயிற்றின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் வரை யாரும் நிற்காதபடி ஒரு நண்பரைக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சலுக்கு விட்ட மாடுகள் திடலைக் கடந்து போகும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மிரண்ட மாட்டின் காலில் கயிறு சிக்கினால் மாட்டுக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து.

காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்களுக்கு முன்னால், தரையிலிருந்து தலைக்கு மேல் வரை, வலக்கோடியிலிருந்து இடக்கோடி வரை காற்றாடி பறக்கக்கூடிய வெளியைக் காற்றுச் சாளரம் என்று சொல்வோம். அதைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்வது எல்லாப் பயிற்சியாளர்களும் கையாளும் முறை: தலைக்கு நேர் மேலே 12 மணி, இடக்கோடி 9 மணி, வலக்கோடி 3 மணி. இந்த விளிம்புகளில் காற்றாடிக்கு இழுவை குறைவு. உங்களுக்கு நேர் எதிரே, தாழ்வாக, சாளரத்தின் நடுவில் காற்றாடி பாயும்போது இழுவை உச்சத்தை எட்டுகிறது. காற்றாடியை எந்த மணியில் வைத்தால் எவ்வளவு இழுக்கும் என்பதை யோசிக்காமலே கை அறிந்துகொள்ளும் வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இடக்கையை உங்கள் பக்கம் இழுத்தால் காற்றாடி இடப்பக்கம் திரும்பும், வலக்கையை இழுத்தால் வலப்பக்கம். மோட்டாரின் கைப்பிடியைத் திருப்புவதுபோல் திருப்பக் கூடாது. இழுக்கவும் தளர்த்தவும் மட்டுமே வேண்டும். பதறும்போது இரண்டு கைகளையும் சேர்த்து உடம்போடு இழுத்துக்கொள்வது மனித இயல்பு. அந்த இயல்பை உடைப்பதுதான் இந்தக் கட்டத்தின் முதல் வேலை. முதலில் காற்றாடியை 12 மணியில் அசையாமல் நிறுத்தப் பழகுங்கள். பிறகு 11க்கும் 1க்கும் இடையே மெதுவாகக் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். அடுத்து, படுக்கவைத்த எட்டு வடிவத்தில் இடமும் வலமுமாகச் சுழற்றுங்கள். அது கைவந்தபின் ஒரே கையால் செய்யுங்கள். அதன்பின் காற்றாடியைப் பார்க்காமல், எதிரே உள்ள ஒரு மரத்தைப் பார்த்தபடியே செய்யுங்கள். பலகைமீது ஏறிவிட்டால் கண் பாதையில் இருக்க வேண்டும், காற்றாடியைக் கைதான் பார்க்க வேண்டும்; ஆகவே இந்தக் கடைசிப் பயிற்சியை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கிறேன்.

இறக்குவது, ஏற்றுவதைவிட முக்கியமானது. காற்றாடியை 9 மணிக்கோ 3 மணிக்கோ மெதுவாகக் கொண்டுவந்து விளிம்பில் தரைதொட வையுங்கள். கைமீறினால் கையை விட்டுவிடுங்கள். மணிக்கட்டில் மாட்டிய பாதுகாப்பு வார், காற்றாடி ஓடிப்போகாமல் பிடித்துக்கொள்ளும், அதன் இழுவையும் அடங்கிவிடும். விடுவது எளிதாகத் தோன்றும். இழுபடும் நேரத்தில் விரல்கள் இறுகுமே தவிர விரியாது. ஆகவே ஒவ்வொரு நாள் பயிற்சியையும், வேண்டுமென்றே ஒருமுறை கையை விட்டுப் பார்த்துத் தொடங்குவது நல்ல பழக்கம்.

தரைப் பலகை

தரைப் பலகை நீளமான ஸ்கேட்போர்டைப் போலத் தோன்றினாலும், அதன் சக்கரங்கள் 8 அல்லது 9 அங்குல விட்டமுள்ள காற்றடைத்த டயர்கள். பாதங்களைச் செருகிக்கொள்ள வார்கள் உண்டு. தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள், கனமான கால்சட்டை, கணுக்கால் வரை மூடும் சப்பாத்து ஆகியவை இல்லாமல் ஏறக் கூடாது. நீரில் விழுவதைவிடத் தரையில் விழுவது கடுமையானது.

முதலில் காற்றாடி இல்லாமல், புல் படர்ந்த சிறு சரிவில் பலகையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். முழங்காலை மடக்கி, எடையைக் குதிகால் பக்கமும் விரல் பக்கமும் மாற்றினால் பலகை அந்தந்தப் பக்கம் வளையும். செம்மண் சாலையையும் தார்ச்சாலையையும் தவிர்த்துவிடுங்கள். வழியில் லோரி வரும், விழுந்தால் தோல் உரியும்.

இதற்கான காற்றாடி நான்கு கயிறு கொண்டதாக இருக்க வேண்டும். முன்கயிறு இரண்டும் எடையைத் தாங்கும். பின்கயிறு இரண்டும் திருப்பவும் நிறுத்தவும் உதவும். கடலில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் 15 நாட் காற்றில் ஏறக்குறைய 12 சதுர மீட்டர் காற்றாடியைப் பயன்படுத்துவார். தரையில் அதே ஆளுக்கு அதே காற்றில், தொடக்கத்தில் 3 அல்லது 4 சதுர மீட்டர் போதும். தண்ணீர் பலகையைத் தடுத்துப் பிடிக்கும், சக்கரத்துக்கு அத்தகைய தடை கிடையாது. கடல் காற்றாடி ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று அதைத் தரைக்குக் கொண்டுவருவது பெரும் அபாயம்.

புறப்படும் முறை இது. பலகையைக் காற்றுக்குக் குறுக்காக வைத்து, காற்றாடியை 12 மணியில் நிறுத்தி, முதலில் பின்காலையும் பிறகு முன்காலையும் வாரில் செருகுங்கள். வலப்பக்கம் போக வேண்டுமானால், காற்றாடியை 11 மணி வரை மெல்ல எடுத்துப்போய், அங்கிருந்து 1 மணியை நோக்கி இறக்குங்கள். பலகை நகரத் தொடங்கியதும் உடம்பைக் காற்று வரும் பக்கம் சாய்த்து, குதிகாலில் எடையை வையுங்கள். நகர்ந்தபின் காற்றாடியை 1க்கும் 2க்கும் இடையே நிலையாக வைத்தால் சீராக ஓடும். நிறுத்த வேண்டுமானால் காற்றாடியை 12க்கு உயர்த்தி, பலகையின் முனையைக் காற்று வரும் திசைக்குத் திருப்புங்கள். இரண்டையும் ஒருசேரச் செய்தால் சில மீட்டரில் நின்றுவிடும். முதல் நாள்களில் பத்திருபது மீட்டர் ஓடி நிற்பது, திரும்பி அதே தூரம் எதிர்ப்பக்கம் ஓடி நிற்பது, இவற்றை மட்டுமே செய்யுங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர முடிந்தால், காற்றுக்கு எதிராக நிலைகொள்ளக் கற்றுவிட்டீர்கள் என்று பொருள். தாவுவதைப் பற்றி அதுவரை பேச்சே வேண்டாம்.

செம்பனை காற்றை மறிக்காத அகன்ற வெளி நமக்கு மோரிப்பில்தான் கிடைக்கிறது. கடல் வற்றும்போது மணலும் சேறும் கலந்த பெரும்பரப்பு அங்கே வெளிப்படும். கரையோரம் இறுகிய மணலில் டயர் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு ஓட்டலாம். ஓட்டுவதற்கு முன் அந்தப் பாதை முழுவதையும் காலால் நடந்து பாருங்கள். புதைசேறு, சிப்பி, உடைந்த போத்தல், மீன்பிடி வலையின் கழி எல்லாம் கிடக்கும். ஏற்றவற்றக் கணக்கு இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கடற்பகுதியில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். தட்டையான நிலமாகையால் தண்ணீர் திரும்பும்போது வேகமாகப் பரவி வரும். நாட்காட்டியில் திதியையும், ஏற்றவற்ற அட்டவணையில் நேரத்தையும் பார்த்து, வற்றம் முடிந்து தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலும் குடும்பங்கள் கூடும் கரை அது. வேலை நாளின் பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள்.

கடலுக்குப் போதல்

தரையில் எவ்வளவு தேர்ந்தாலும் கடலில் தானாகக் கற்கக் கூடாது. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தரையில் தவறினால் முழங்கால் சிராய்க்கும். கடலிலோ, கரையைவிட்டு விலக்கும் காற்றில் ஒருமுறை கயிறு சிக்கினால் திரும்பி வர வழியிருக்காது.

மோரிப் தொடக்கப் பாடத்துக்கு ஏற்ற கடல் அன்று. பிற்பகல் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடிக்கும்; கற்றுக்கொள்பவரைக் கரையிலும் மரத்திலும் கொண்டுபோய் மோதவிடும் திசை அது. காலைக் காற்றோ கடலுக்குள் இழுத்துப்போகும். கரைக்கு இணையாகவோ, சாய்வாகக் கரையை நோக்கியோ வீசும் காற்றே கற்பதற்கு உகந்தது. அதற்குக் கிழக்குக்கரைக்குப் போக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், பகாங்கின் பாலோக், செராத்திங் கரைகளில் கைட் சர்ஃபிங் நடக்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் பெருமழையும் பெரிய அலையும் இருக்கும். ஜனவரிப் பிற்பகுதியிலும் பிப்ரவரியிலும் மழை குறைந்து காற்று நிலைப்படும் நாள்கள் புதியவர்களுக்கு ஏற்றவை.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, 2001இல் தொடங்கிய அனைத்துலகக் கைட் போர்டிங் அமைப்பான ஐகேஓ போன்றவற்றின் சான்றிதழ் அவருக்கு உண்டா என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கற்பிக்கிறார், மீட்புப் படகு இருக்கிறதா, உபகரணம் எவ்வளவு பழையது என்பவற்றையும் கேளுங்கள். அடிப்படையை முடிக்க ஏறக்குறைய 9 முதல் 12 மணி நேரம் வேண்டும்; அதைப் பல நாள்களுக்குப் பிரித்துக்கொள்வது நல்லது. நீச்சல் தெரியாதவர் முதலில் நீச்சல் கற்றுக்கொண்டு வரட்டும்.

பாடம் பலகையில் தொடங்காது. முதலில் இடுப்பில் கட்டும் ஹார்னஸையும், அதில் மாட்டிய காற்றாடியை ஒரே தள்ளலில் கழற்றிவிடும் விடுவிப்புக் கொக்கியையும் கற்பார்கள். அடுத்து, பலகையில்லாமல் காற்றாடி உடம்பை நீரில் இழுத்துச் செல்ல விடும் பயிற்சி. அலுப்பாக இருக்கிறது என்று இதை அவசரப்படுத்துகிறவர்கள் உண்டு. பலகை தவறிப்போனால் காற்றுக்கு எதிராக நீந்தி அதை எட்டிப் பிடிக்க உதவுவது இந்தப் பயிற்சி மட்டும்தான். நீரில் விழுந்த காற்றாடியை எழுப்புவதும், எழுப்ப முடியாதபோது கயிறுகளைச் சுற்றிக்கொண்டு, காற்றாடியையே மிதவையாக்கிக் கரைசேரும் தற்காப்பு முறையும் அதற்குப் பின். தரையில் பழகியவர்கள் பலகையில் எழுந்து நிற்கும் பாடத்தை மற்றவர்களைவிட விரைவாகக் கடப்பார்கள், ஏனெனில் அவர்கள் கை ஏற்கெனவே காற்றாடியை அறியும்.

சொந்த உபகரணத்தைப் பாடம் முடிந்த பிறகே வாங்குங்கள். பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால் இழுவையைக் கையிலேயே முழுதாகக் குறைக்க முடிகிற வடிவங்கள் 2005ஐ ஒட்டித்தான் பரவலாயின, அதற்கு முந்தைய காற்றாடி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். விடுவிப்புக் கொக்கி கடையிலேயே இயங்குகிறதா, நான்கு கயிறுகளும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா, குழாயில் அடித்த காற்று ஓர் இரவு முழுதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடலிலிருந்து வந்ததும் கயிற்றையும் கொக்கியையும் நல்ல தண்ணீரில் கழுவி, காற்றாடியை நிழலில் உலர்த்திச் சுருட்டுங்கள். உப்பும் மணலும் ஏறிய கொக்கி, தேவைப்படும் நேரத்தில் கழலாது.